சொட்டு

ஆகஸ்டில் இந்த எர்மோசில்லோவில்
முதலில் காய்ச்சல் காண்பது என் செல்பேசிக்கு.
"ரெஃபுஹியோ, எங்கே இருக்கிறாய்?
குழந்தை அழுகிறது, ஏசி நின்றுபோச்சு."
ஏணி, வாயு உருளை, கெப்பாசிட்டர் நாலு,
கல்லாய் உறைந்த தண்ணீர்ப் புட்டி ஒன்று.
கூரை கூரையாக ஏறுவேன்.
நாற்பத்தெட்டு டிகிரியில் தகரத்தில் கை வைத்தால்
தோலைத் திருப்பித் தராது தகரம்.

மரம் இலியானா கொண்டுவந்தது.
பஸ் டயர் வெடித்து
ஒரு காய்ந்த ஓடையோரம் நின்றதாம் அரை மணி.
எல்லாரும் டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்க
இவள் ஒரு காயைக் கிள்ளிக் கைப்பையில் போட்டாள்.
பென்சிலைவிட ஒல்லி, பென்சிலைவிட நீளம்.
உள்ளே விதைகள், இரு முனையிலும் நரைமயிரோடு.
தயிர்க் கிண்ணங்களில் பத்து முளைத்தன.
ஒன்பதைப் பூனையும் வெயிலும் பங்கிட்டுக்கொண்டன.

மிம்ப்ரே என்பார்கள் இங்கே.
ஆறு இல்லாத ஆற்றங்கரையில் வளர்வது.

எங்கே நடலாம் என்று கேட்டாள்.
மேதாவி நான் சொன்னேன்:
ஏசிக் குழாய் சொட்டுகிற இடத்தில் வை.
வாரம் மூன்று நாள் தண்ணீர் வருகிற தெருவில்
இரவுக்கு ஒன்றரை வாளி,
உப்பில்லை, குளோரின் இல்லை, மீட்டரும் இல்லை.
அதற்குமேல் ஒரு மரத்துக்கு என்ன வேண்டும்?

மூன்று கோடை.
கூரையைத் தொட்டது.
தளதளவென்று இலை, இலை, இலை.
மொட்டு என்று சொல்ல
ஒரு மிளகளவு கூட இல்லை.
நான்காம் வருஷம் கீழ்க்கிளைகள் மஞ்சளாயின.
நான் உரம் வாங்கி வந்தேன்.
எதிர்வீட்டு தோன்யா க்ரெஸென்சியா
தினம் ஒரு தடவை சொல்வார்:
ஊரெல்லாம் வைக்கிற மாதிரி
ஒரு வேம்பு வைத்திருக்கலாம். நிழலாவது விழும்.

பிறகு ஜூலையில்
எங்கள் கம்ப்ரெஸர் செத்தது.

சிரிக்கலாம், தெருவே சிரித்தது.
பொருள் என் வண்டியிலேயே இருந்தது.
நேரம்தான் இல்லை.
நாளைக்கு என்றேன். மறுநாளும் நாளைக்கு.
இலியானாவுக்கு ராத்திரி ஷிஃப்ட்,
கார் ஒயர் பின்னுகிற ஆலையில்.
காலை வந்து படுப்பவள்
அடுப்புக்குள் எப்படிப் படுப்பாள்?
ஒரு வார்த்தை பேசாமல்
தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
தங்கை வீட்டுக்குப் போய்த் தூங்கினாள்.
நான் வாசலில் கட்டில் போட்டுப்
புரண்டு புரண்டு படுத்தேன்.
சத்தம் எதுவும் இல்லை,
சொட்டுகிற சத்தம் கூட.
குழாய்க்கடியில் எப்போதும் கறுத்திருந்த மண்
சாம்பல் நிறமாகி
விரல் நுழைகிற அளவு வெடித்தது.
ஐயோ, இதுவும் போச்சு என்று
பார்க்கப் பயந்து பார்க்காமல் இருந்தேன்.

பத்தொன்பதாம் நாள், விடிகிற நேரம்,
யூனிஃபார்மோடு அவள் வாசலில் நின்றாள்.
என்னைப் பார்க்கவில்லை.
என் தலைக்குமேல் பார்த்தாள்.

வெளிர் ஊதா. உதடு மடிந்த சின்ன எக்காளம்,
தொண்டைக்குள் மஞ்சள் கோடுகள்.
ஒன்று இல்லை, ஏழெட்டு.
ஒன்று என் போர்வைமேல் விழுந்து கிடந்தது,
எறும்பு அதற்குள் ஏற்கெனவே குடியேறியிருந்தது.
கட்டைவிரல் அளவு ரீங்காரச் சிட்டு ஒன்று
எங்கள் இரண்டு பேரையும்
மரச்சாமான் என்று நினைத்து நடுவில் பறந்தது.

"நீ கொடுத்த தண்ணீர்தான் இதைப் பிடித்து வைத்திருந்தது"
என்றாள்.
"நான் எங்கே கொடுத்தேன்? அது தானாகச் சொட்டியது."
"அதைத்தான் சொல்கிறேன்."

அன்று மூன்று பேருக்கு நாளைக்கு என்று சொல்லிவிட்டு
என் வீட்டுக் கூரையில் ஏறினேன்.
நாற்பது நிமிஷ வேலை.
வெட்கமாக இருந்தது, நாற்பதே நிமிஷம்.
குழாயை மறுபக்கம் திருப்பி
வாளிக்குள் விட்டேன், தரை துடைக்க ஆகும்.
மரத்துக்கு இனி மாதம் இரண்டு தடவை,
ஆழமாக, நினைவாக, என் கையால்.

இறங்கி வந்தால்
என் ரசீதுப் புத்தகத்தில் அவள் கையெழுத்து:

கெப்பாசிட்டர் ஒன்று.
கூலி, நாற்பது நிமிஷம்.
தாமதம், பத்தொன்பது நாள், கழிவு.
பாக்கி: ரெஃபுஹியோ தர வேண்டியது.

தொகை எழுதவில்லை.
உள்ளே ஏசி ஓட, அவள் தூங்கிவிட்டாள்.
வாளியில் முதல் சொட்டு
டொக் என்றது.